ப்ராஜெக்ட் முன்மொழிவு: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் அனுபவவழிக் கற்றல் ப்ராஜெக்டுக்கு முன்மொழிவு எழுதுவது பற்றிக் கேட்டவை இவை.

கேள்வி (வேதியியல் மாணவி, காட்பாடி): சார், ‘பாலாறும் தோல் தொழிற்சாலைக் கழிவும்’ என்று தலைப்பு கொடுத்தேன். கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன செய்ய?

பதில்: அது ஒரு செமஸ்டருக்குள் அடங்காதும்மா. இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் தீர்ப்பு வந்ததே வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான். நீங்கள் வாணியம்பாடி பக்கம் ஒரே ஒரு கிராமத்தை எடுங்கள், அதில் நாலைந்து கிணறு போதும். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு வெளியேறும். ஆகவே குளோரைடும் டிடிஎஸ்ஸும் (நீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருள்களின் அளவு) அளக்கலாம். குளோரைடுக்கு சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் உங்கள் கல்லூரி லேபிலேயே முடியும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தை அளக்கக் கருவி கைவசம் இல்லையென்றால் அதை எழுதாதீர்கள்.

முக்கியமான ஒன்று: தொழிற்சாலைகளுக்குத் தொலைவில் இருக்கும் கிணறு ஒன்றையும் சேருங்கள். நிலத்தடி நீரில் இயல்பாகவே உப்பு இருக்கலாம். ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் உங்கள் எண்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த மாதம் நீர் எடுப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறும்.

கேள்வி (வணிகவியல், வேலூர்): வழக்கமான ப்ராஜெக்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் சார்?

பதில்: இதில் நீங்கள் என்ன செய்தீர்கள், அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-ல் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார்: செய்வது, திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருவது, அதை மறுபடி செய்து பார்ப்பது. எனக்கு வரும் முன்மொழிவுகளில் பெரும்பாலும் முதல் படி மட்டுமே இருக்கும்.

இலவம்பாடி முள் கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘அதனால் விலை கூடியதா’ என்று ஒரு படிவத்தை நிரப்பி வாங்குவது சர்வேதான். விவசாயியோடு மார்க்கெட்டுக்குப் போய், எடை, கமிஷன், வண்டி வாடகை எல்லாவற்றையும் சில வாரம் குறித்து, அதை வைத்து ஒரு கணக்கு அட்டை தயாரித்து, அவர் பயன்படுத்திப் பார்த்துச் சொல்லும் குறைகளைத் திருத்தினால் அது அனுபவவழிக் கற்றல். கால அட்டவணையில் அந்தத் திருத்தத்துக்கும் நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி (சமூகப்பணி மாணவர், குடியாத்தம்): பீடி சுற்றும் அக்காக்களிடம் பேசப்போகிறேன். ஒப்புதல் கடிதம் தேவையா?

பதில்: கட்டாயம். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அப்புறம் இதையும் யோசியுங்கள் தம்பி: அவர்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நீங்கள் எடுக்கும் ஒரு மணி நேரம் அவர்கள் கூலியில் குறையும். ‘அவர்கள் சொல்லும் நேரத்தில், வேலை நிற்காமல் பேசுவேன்’ என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். பெயரும் படமும் வேண்டாம். எழுதி முடித்ததை அவர்களுக்கே முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பட்ஜெட்டில் என்ன போடுவது?

பதில்: பஸ் கட்டணம், ரசாயனம், ஜெராக்ஸ். வெளி லேபுக்குப் போனால் கொட்டேஷனை இணையுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுக்கு நிதி தருகிறது, துறைத் தலைவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சீனியரின் ப்ரொபோசலைப் பார்த்து எழுதலாமா?

பதில்: வடிவத்துக்குப் பார்க்கலாம், ஆனால் அதிலுள்ள நோக்கங்களை எடுக்காதீர்கள்.

கேள்வி (வேளாண் மாணவி, ஜமுனாமரத்தூர்): மலையில் சாமை விதைத்துப் பார்க்கப்போகிறேன். மழை ஏமாற்றிவிட்டால் ப்ராஜெக்ட் போச்சா சார்?

பதில்: போகாது. ‘விதைப்பு தவறினால்’ என்று ஒரு பத்தி எழுதுங்கள். அந்த வருஷம் ஊர்க்காரர்கள் விதையை எப்படிக் காத்தார்கள், அடுத்து எதை விதைத்தார்கள் என்று கூடவே இருந்து பதிவு செய்வது மாற்றுத் திட்டம். ஆனால் அதற்கு இப்போதே ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சம்மதம் கேட்டு வையுங்கள். கமிட்டியில் கேட்டால் அந்தச் சம்மதக் கடிதத்தைக் காட்டலாம்.