வீரிய ஒட்டுச் சூரியகாந்தியில் விதை எடுத்து வைக்கலாமா?

கேள்வி: ஆடிப்பட்டத்தில் போட்ட வீரிய ஒட்டுச் சூரியகாந்தி நன்றாக விளைந்தது. பெரிய கொண்டைகளாகப் பார்த்து விதை எடுத்து, கார்த்திகையில் விதைத்தேன். ஒரு செடி இடுப்பளவு, ஒன்று தலைக்கு மேல். முன்னே பூத்தவற்றில் பல மணி பிடிக்காத பொக்கு. நானே நல்ல விதை உருவாக்க முடியாதா?

பதில்: முடியும். ஆனால் வீரிய ஒட்டிலிருந்து தொடங்கக் கூடாது. அதன் தாய்ச் செடியில் மகரந்தமே உண்டாகாது. தந்தைச் செடியிலிருந்து வரும் ஒரு மரபணுதான் உங்கள் வயலில் அந்தக் குறையை நீக்குகிறது. அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நாலில் ஒரு செடிக்கு அது கிடைப்பதில்லை. காலையில், புதிதாக விரிந்த பூவளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்டாதவை அந்தச் செடிகள்தான். தேனீ குறைந்தால் அவைதான் முதலில் பொக்காகும். உயரம் சிதறியதும் இதேபோல் தாய் தந்தையின் மரபணுக்கள் அடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி வேறுவிதமாகப் பிரிந்து சேர்வதால்தான்.

கோ 4 போன்ற, வீரிய ஒட்டு அல்லாத ரகத்தின் சான்று விதையில் தொடங்குங்கள். சுற்றி 400 மீட்டருக்குள் வேறு சூரியகாந்தி இருக்கக் கூடாது. பெரிய கொண்டை என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். வரப்போரத்திலும் பக்கத்துச் செடி இல்லாத இடைவெளியிலும் வெயிலும் நீரும் கூடுதலாகக் கிடைத்ததால் பெருத்திருக்கும். பக்கத்துச் செடிகளோடு ஒப்பிட்டு, நடுப்பகுதி வரை மணி பிடித்ததாக ஐம்பது அறுபது கொண்டைகளாவது தேர்ந்தெடுங்கள். ஒன்றிரண்டோடு நிறுத்தினால் நெருங்கிய உறவில் கலந்து பயிர் நலிந்துவிடும்.

ஒவ்வொரு கொண்டையின் விதையையும் தனிப் பொட்டலமாக்கி எண் போடுங்கள். பாதியைத் தனித்தனி வரிசையாக விதையுங்கள். மீதிப் பாதியைப் பத்திரப்படுத்துங்கள். அறுவடையில் சிறந்த வரிசைகள் எவை என்று தெரியும். ஆனால் அவற்றின் விதை வேண்டாம், மோசமான வரிசைகளின் மகரந்தத்தையும் தேனீ அங்கே கொண்டுவந்திருக்கும். அதே எண்ணுள்ள பழைய பொட்டலங்களைக் கலந்து தனி வயலில் விதையுங்கள். ரஷ்யாவில் புஸ்தவோய்த் என்ற பயிர் விஞ்ஞானி இப்படித்தான் எண்ணெய்ச் சத்தை 50 சதவீதம் வரை உயர்த்தினார். 1969-இல் இந்தியாவுக்கு வந்த பெரெதோவிக் ரகமும் அந்த உழைப்பில் பிறந்ததுதான்.

உங்கள் கார்த்திகைப் பயிரில் இப்போது பூத்திருப்பவற்றை ஒன்றுவிட்ட நாள்களில், காலை 9 முதல் 11 மணிக்குள், மெல்லிய துணியால் கொண்டைக்குக் கொண்டை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். மகரந்தம் உள்ளதில் தொடங்கி இல்லாததற்குப் போங்கள். விளைந்ததை எண்ணெய்க்கு விற்றுவிடுங்கள். விதைக்கு ஒரு கொண்டைகூட எடுக்க வேண்டாம்.