மேடை இல்லாமல் வழியனுப்புவது எப்படி? டீச்சரிடம் கேள்விகள் (மே 2021)

ஆண்டு விழா, பட்டமளிப்பு விழா என்று மேடைக்குப் பின்னால் ஓடியே என் வேலைக்காலம் கழிந்தது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்னபோது எங்கள் அழைப்பிதழ் அச்சகத்தில் இருந்தது. அதற்கப்புறம் மேடையே இல்லாமல் ஆறு வழியனுப்பு விழாக்களுக்குக் கைகொடுத்தேன். அதில் இரண்டு சொதப்பல். இந்த ஆண்டும் அதே கதைதான் என்பதால் கேளுங்கள் என்றேன். கேட்டுத் தள்ளிவிட்டீர்கள்.

64 மாணவர்கள், ஜூமில் விழா. எவ்வளவு நேரம் ஒதுக்கலாம், டீச்சர்?

இலவசக் கணக்கு என்றால் ஜூம் 40 நிமிடத்தில் கதவைச் சாத்திவிடும். முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு மாணவருக்குப் பெயர், முகம், அவரைப் பற்றி ஆசிரியர் சொல்லும் ஒரு வாக்கியம் என்று 20 விநாடி. 64 பேருக்கு 21 நிமிடம் சொச்சம். மிச்சமுள்ள நேரம்தான் மற்ற எல்லாருக்கும். சிறப்பு விருந்தினருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அவர் பத்து நிமிடம் பேசுவார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் போதாவிட்டால் விருந்தினரை வெட்டுங்கள், பெயர்களில் கை வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டார் உட்கார்ந்திருப்பது அந்த 20 விநாடிக்காகத்தான்.

யூடியூபில் நேரலை என்றால் கணக்கில் அந்த வசதியை முதல்முறை திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். பத்து மணி விழாவுக்கு ஒன்பது ஐம்பதுக்கு இதைக் கற்றுக்கொண்டவள் நான். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிடாதீர்கள். காப்புரிமைக் காரணத்தால் ஒளிபரப்பே நின்றுபோகலாம்.

பெயர்களை வாசிப்பவர் யாராக இருந்தாலும், ஒவ்வொரு மாணவரும் தன் பெயரைத் தானே சொல்லிப் பதிவுசெய்து அனுப்பட்டும். அதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். போன ஆண்டு நான் ஒரு பெண்ணின் பெயரைத் தப்பாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். அவள் பாட்டி சிரிக்கவில்லை.

கார் ஊர்வலம் நடத்தலாம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். பாதுகாப்பா?

கார் ஓடும்வரை பாதுகாப்புதான். ஆபத்து ஊர்வலம் முடியும் இடத்தில். எல்லாரும் இறங்குவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், படம் எடுப்பார்கள், முகக்கவசம் தாடைக்கு இறங்கும். அதனால் முடிவிடமே இல்லாதபடி பாதை போடுங்கள்: மாணவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நிற்கட்டும், வாழ்த்துகிறவர்கள் கடந்து போய் அப்படியே கலையட்டும். கார் இல்லாத வீட்டுப் பிள்ளையும் வாசலில் நிற்க முடியும் என்பது இதில் இன்னொரு லாபம்.

பெரிய அளவில் செய்தவர்களும் உண்டு. 2020 மே மாதம் அமெரிக்காவில் டேடோனா கார்ப் பந்தயத் தடத்தையே கேட்டு வாங்கி, மாணவர்கள் குடும்பக் காரில் வந்து முடிவுக்கோட்டைக் கடக்க வைத்தார்கள். ஹாரன் அடிப்பது உங்கள் இஷ்டம். ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் மட்டும் வேண்டாம்.

மாணவர்களின் படங்களை அழகாக வடிவமைத்து, பெயர், பள்ளி, ஆண்டு எல்லாம் போட்டு ஃபேஸ்புக்கில் பகிரப் போகிறோம். வாசகம் எழுதித் தர முடியுமா?

வாசகம் இருக்கட்டும். பெயர், பள்ளி, ஆண்டு மூன்றையும் ஒரே படத்தில் போடாதீர்கள். 2020இல் அமெரிக்காவில் பலர், விழா இழந்த பிள்ளைகளுக்கு ஆதரவாக என்று தங்கள் பழைய பள்ளிப் படங்களைப் பகிர்ந்தார்கள். பள்ளியும் ஆண்டும் கணக்குகளின் பாதுகாப்புக் கேள்விகளுக்கான விடைகள், மோசடிக்காரர்கள் பொறுக்கிக்கொள்வார்கள் என்று அங்குள்ள ‘பெட்டர் பிசினஸ் பியூரோ’ என்ற நுகர்வோர் நல அமைப்பு எச்சரித்தது. நல்லெண்ணத்தில் போடும் படம்தான், ஆனால் பார்ப்பவர்கள் எல்லாரும் நல்லெண்ணக்காரர்கள் இல்லையே. அப்புறம், படம் போடுமுன் பிள்ளையிடம் கேட்டீர்களா?

புதுமையாக ஏதாவது சொல்லுங்கள்.

2020 மார்ச்சில் டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகம் ரோபோக்களுக்கு அங்கியும் தொப்பியும் மாட்டியது. முகம் இருக்கும் இடத்தில் திரை, திரையில் வீட்டிலிருக்கும் மாணவர். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ஐஐடி பம்பாயில் மாணவர்களின் கணினி உருவங்கள் இயக்குநரின் கணினி உருவத்திடம் பட்டம் வாங்கின. அதே ஆண்டு மே 16 அன்று அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் தங்கள் வளாகத்தையே கட்டி, அதற்குள் விழா நடத்தினார்கள். எனக்குப் பிடித்தது பெர்க்லிதான், கட்டியவர்கள் பிள்ளைகள் என்பதால். மற்ற இரண்டிலும் பெரியவர்கள் ஏற்பாடு செய்தார்கள், பிள்ளைகள் பங்கேற்றார்கள்.

கார் ஊர்வலத்துக்கு எத்தனை கார் வேண்டும்?

இருக்கிற கார். மேலே எழுதியதைப் படியுங்கள்.

தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்றவர்களுக்கு விழா எதற்கு? இது சலுகை மேல் சலுகை இல்லையா?

தேர்வை ரத்து செய்தது அவர்களா? போன ஆண்டு இங்கிலாந்தில் ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வுகளை ரத்து செய்து, கணினிக் கணக்கு ஒன்றால் மதிப்பெண் போட்டார்கள். ஆசிரியர்கள் மதிப்பிட்டதைவிடக் குறைத்துப் போடப்பட்டவை கிட்டத்தட்ட 40 சதவீதம். பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கி ஆசிரியர்களின் மதிப்பீட்டையே ஏற்றது. தேர்வு எழுதாமல் போனதன் அலைச்சல் முழுக்கப் பிள்ளைகள் தலையில். இதில் சலுகை எங்கே?

முந்தைய கேள்வியை வழிமொழிகிறேன். பிளேக் காலத்தில் நியூட்டன் வீட்டிலிருந்தபடியே சாதித்தார். யாரும் கைதட்டவில்லை.

நியூட்டன் வருவார் என்று எதிர்பார்த்தேன். 1665இல் பிளேக்கால் கேம்பிரிட்ஜ் மூடியது. அவர் பட்டம் பெற்றதும் அதே ஆண்டுதான். போவதற்குப் பண்ணை வீடு இருந்தது, 1667இல் திரும்பிப் போக அதே கல்லூரி இருந்தது. ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுப் படிக்கும் வீட்டில் அவரை உட்காரவைத்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

சலுகை பற்றி முதலில் கேட்டவன்தான். நான் உழைப்பைப் பாராட்டச் சொல்கிறேன், பரிதாபத்தை அல்ல. நாங்களெல்லாம் விழா இல்லாமலா கெட்டுப்போனோம்?

சரி, பரிதாபம் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நான். “பாவம், உங்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை” என்று தொடங்கும் வாழ்த்துரையைக் கேட்டு ஒரு பையன் கேமராவை அணைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மதிப்பெண் பற்றிய வழக்கு ஒன்று, பன்னிரண்டு வருடம் ஒரு இடத்துக்கு வந்துபோன பிள்ளையிடம் “போய் வா” என்று சொல்வது இன்னொன்று. முதல் வழக்கு தீரும்வரை இரண்டாவதை நிறுத்திவைக்க முடியாது, பிள்ளை போய்விடும். இது பற்றி இன்னும் ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். தொடர்வதாக இல்லை.

எங்கள் வகுப்பில் ஒருவனின் அப்பா போன மாதம் கோவிட்டில் இறந்துவிட்டார். விழாவில் ஒரு நிமிட மௌனம் வைத்து அவனை ஆச்சரியப்படுத்தலாம் என்று வகுப்பு நினைக்கிறது.

ஆச்சரியம் வேண்டவே வேண்டாம். நூறு சின்னச் சதுரங்களில் நூறு பேர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மண்டபம் என்றால் எழுந்து வெளியே போய் அழலாம். இங்கே அவன் சதுரம் காலியாவதும் எல்லாருக்கும் தெரியும்.

அவனோடு நெருக்கமான ஒரே ஒருவர், ஆசிரியரோ நண்பனோ, தனியாகப் பேசட்டும். மூன்று விஷயம் கேட்டால் போதும்: அன்று வர விருப்பமா, அப்பாவின் பெயரைச் சொல்லலாமா, சொன்னால் எந்த இடத்தில். “தெரியலை” என்று சொன்னால் அதுவும் பதில்தான், அப்போது பொதுவில் எதுவும் சொல்லாதீர்கள். வர விரும்பாவிட்டாலும் அவன் பெயரை மற்றவர்களோடு சேர்த்து, அதே குரலில் வாசிக்கலாமா என்று கேட்டுவையுங்கள். எங்களிடம் இதே நிலையில் இருந்த ஒரு மாணவி, அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி மட்டும் என் கேமராவில் தெரியும் என்றாள். தெரிந்தது. எங்களில் நாலு பேருக்கு மட்டுமே அது என்னவென்று தெரியும்.

வகுப்பு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் கையால் கடிதம் எழுதி அனுப்புங்கள். எப்போது படிப்பது என்பதை அவன் முடிவு செய்வான்.

கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதி எப்போது?

அந்தக் கல்லூரியின் அறிவிப்பைப் பாருங்கள்.

பலூன் பறக்கவிடலாமா?

வேண்டாம், எங்கோ போய் விழுந்து குப்பையாகும். விளக்கு ஏற்றுங்கள். போன ஆண்டு அமெரிக்காவில் பள்ளிகள் பல, ஆள் இல்லாத மைதானங்களின் விளக்குகளை இரவு 8:20க்குப் போட்டுவைத்தன. 24 மணிக் கடிகாரத்தில் அது 20:20, அதாவது 2020. உங்களுக்கு இந்த ஆண்டு ஒரு நிமிடம் பொறுத்து 20:21க்கு ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

காரை அலங்கரித்து, பள்ளிப் பெயரும் பிள்ளை படமும் ஒட்டி…

கார் பற்றி எழுதிவிட்டேன். பள்ளிப் பெயரோடு படம் பற்றியும் எழுதிவிட்டேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் புதுக் கேள்வி ஆகாது.

நான் முடித்துப்போகிற மாணவன். எனக்கு எதுவுமே வேண்டாம். அம்மா தெருவையே திரட்டிக்கொண்டிருக்கிறார். எப்படிச் சொல்வது?

இத்தனை கேள்விகளில் உங்கள் தரப்பிலிருந்து வந்தது இது ஒன்றுதான். அம்மாவிடம் “வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் வெட்கப்படுகிறாய் என்று நினைப்பார். “இதற்குப் பதில் இது” என்று சொல்லுங்கள்: தெருவுக்குப் பதில் மூன்று பேர், ஒரு மணி நேரத்துக்குப் பதில் பத்து நிமிடம். உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவர் போனில் பேசினால் போதும் என்றால் அதைச் சொல்லுங்கள். அவர் எண் இல்லையென்றால் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், நீங்கள் கேட்டதாக அவரிடம் சொல்லிவிடுவார்கள்.