கரண்ட் போனால் மற்றச் சேர்வரும் உறைந்துவிடுகிறதே, என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு லினக்ஸ் சேர்வர்கள். ஒன்றிலுள்ள நெல் கொள்வனவுக் கணக்குகளை என்எஃப்எஸ் (நெட்வேர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக மற்றதில் மவுண்ட் செய்திருக்கிறார்கள், அதாவது அதன் சொந்த ஃபோல்டர்போல இணைத்திருக்கிறார்கள். முதலாவது நின்றால் இரண்டாவதும் அசையாது. முல்லைத்தீவுக் கிளையையும் இப்படி இணைக்கலாமா?

உறைந்து நிற்பது பழுது இல்லை. சேர்வர் திரும்பி வரும்வரை காத்திருப்பதுதான் என்எஃப்எஸ்ஸின் இயல்பு. ஹார்ட் மவுண்ட் என்பார்கள். அந்த நேரம் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைத் தட்டினால்கூடப் பதில் வராது. ஓடும் புரோசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அந்தப் புரோசஸ் 'டி' நிலையில், அதாவது பதிலுக்குக் காத்தபடி, நிற்கும்.

இதைச் சாஃப்ட் ஆக மாற்றச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். தயவுசெய்து கணக்குப் பைல்களுக்கு அதைச் செய்யாதீர்கள். குறித்த நேரம் கடந்ததும் பிழை என்று சொல்லிக் கைவிட்டுவிடும், பைல் பாதி எழுதியபடி கிடக்கும். அந்தப் பிழையை எல்லா மென்பொருளும் கவனிப்பதில்லை. அதில் இருப்பது கமக்காரரின் காசு. கொஞ்ச நேரம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

ஹார்ட் அப்படியே இருக்கட்டும். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதியிருக்கும் எஃப்ஸ்டேப் பைலில் நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் இரண்டையும் சேருங்கள். மற்றச் சேர்வர் எழும்பாவிட்டாலும் இது அதற்காக நிற்காமல் பூட் ஆகும். யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும். அப்புறம் யூபிஎஸ். சேர்வருக்குப் போட்டுவிட்டு நெட்வேர்க் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். நடுவில் சுவிட்ச் நின்றாலும் விளைவு அதேதான்.

முல்லைத்தீவுக்கு என்எஃப்எஸ் வேண்டாம். வழமையான அமைப்பில் அது தரவை மறைகுறியாக்காது, எதிர்முனை சொல்லும் பயனர் எண்ணையும் அப்படியே நம்பிவிடும். திறந்த இன்டர்நெட்டில் இது ஆபத்து. எப்போதாவது பைல் பார்க்க, மறைகுறியாக்கிய எஸ்எஸ்எச் இணைப்பு வழியாக மவுண்ட் செய்யும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் போதும். அறுந்தால் மீண்டும் இணையும் ரீகனெக்ட் போட்டு, மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளியான சேர்வர்அலைவ்இன்டர்வலை 15 செக்கன் ஆக வையுங்கள். அன்றாட வேலைக்கு மவுண்டே தேவையில்லை. இரு ஊரிலும் கரண்டும் நெட்டும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் கிளை இயங்கும் என்ற நிலை வரக்கூடாது. கிளை தன் கணக்கைத் தன்னிடமே எழுதட்டும், இரவில் பைல்களை நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் இங்கே நகலெடுக்கட்டும்.

இன்னொன்று, எந்த ஃபோல்டரை யாருக்குப் பகிர்வது என்று எழுதியிருக்கும் என்எஃப்எஸ்ஸின் எக்ஸ்போர்ட்ஸ் பைலை இன்றே திறந்து பாருங்கள். ஐபி முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் இடையே ஒரு இடைவெளி இருந்தாலும், அடைப்புக்குள் கொடுத்த எழுதும் அனுமதி அந்த ஐபிக்குப் போகாது, அந்தச் சேர்வரை எட்டக்கூடிய எல்லோருக்கும் போய்விடும். இடைவெளியை எடுத்துவிட்டு, மாற்றம் நடைமுறைக்கு வர எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ கட்டளையைக் கொடுங்கள்.