முஃபாசாவுக்கு முன்னால் லயன் கிங் பார்த்திருக்க வேண்டுமா?

லயன் கிங்கில் வரும் சிங்கராஜா முஃபாசாவின் சின்ன வயதுக் கதைதான் 2024-இல் வந்த முஃபாசா படம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை நேராகக் காட்டலாமா, பழைய லயன் கிங்கை முதலில் காட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழையதைக் காட்டிவிடுங்கள், அதுவும் 1994-இல் வந்த கார்ட்டூனையே. உங்கள் வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்லித்தான் தூங்க வைக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் மனதைத் தயார்படுத்திக்கொண்டு முஃபாசாவைக் காட்டுங்கள். நான் அப்படிப் போகவில்லை.

என் மகனுக்கு இரண்டு வருஷமாக ராத்திரிக் கதை இதுதான். அதில் வில்லனாக வரும் சிங்கம் ஸ்காருக்கென்று தனிக் குரலே வைத்திருந்தேன். மூக்கால் இழுத்து "அண்ணே..." என்று ஆரம்பித்தாலே போர்வைக்குள் போய்விடுவான். கூடப்பிறந்த அண்ணன் முஃபாசாவை மலையிலிருந்து தள்ளிவிட்ட பாவி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

2024 அரையாண்டு லீவில் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். தியேட்டர் வாசலிலேயே பையைத் துழாவி, வீட்டில் சுட்ட முறுக்கையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். உள்ளே பாப்கார்ன் விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1952-இல் பராசக்தியோடு திறந்த தங்கம் தியேட்டருக்கு எங்கள் ஆச்சி தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவாராம். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. சரி, அதை விடுங்கள்.

படத்தில் முஃபாசா வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட குட்டி. அவனைக் கூட்டத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ராஜா ஓட்டப் பந்தயம் வைக்கிறார். ராஜாவின் மகன் டாகா, தனக்கு ஒரு சகோதரன் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துத் தோற்கிறான். அந்த டாகாதான் பின்னால் ஸ்கார். மகன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இவனாம்மா ஸ்கார்?" என்றான். ஆமாம் என்றேன். இடைவேளை வரை வாயே திறக்கவில்லை. கோமாளி ஜோடி டிமோனும் பும்பா என்ற காட்டுப்பன்றியும் அடித்த கூத்துக்குக்கூடச் சிரிக்கவில்லை. தமிழில் பும்பாவுக்குக் குரல் கொடுத்த நடிகர் ரோபோ சங்கர் நம்ம மதுரைக்காரர். 2025-இல் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பன்றிதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரம்பித்தான். "கூடப்பிறந்தவன்னு சொன்ன. இல்லைல்ல? அவங்க வேற வேற அம்மா பிள்ளைங்க." என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டதில் நியாயமும் இருந்தது. பழைய படத்தில் முஃபாசா தன் மகன் சிம்பாவிடம் நட்சத்திரங்களைக் காட்டி, முன்னாள் ராஜாக்கள் அங்கிருந்து பார்க்கிறார்கள் என்பார். பரம்பரை ராஜா என்றுதானே நாமும் நம்பினோம்? இதில் அவர் ராஜ வம்சமே இல்லை என்றால், பிள்ளைக்கு எதைச் சொல்வது? ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், படம் மோசம் என்று சொல்லவில்லை. முஃபாசாவுக்கு விழ வேண்டிய அடியை டாகா குறுக்கே வந்து வாங்கித் தழும்பு படும் இடத்தில் எனக்கே கண் கலங்கியது. நான் ஒன்றும் விமர்சகர் இல்லை, பிள்ளைக்குக் கதை சொல்கிறவள், அவ்வளவுதான்.

இப்போதும் ராத்திரி அதே கதைதான். ஆனால் ஸ்காருக்கு அந்த மூக்குக் குரல் கூடாதாம், எல்லாரையும் போலப் பேச வேண்டுமாம். அப்படிப் பேசிக்கொண்டே மலையிலிருந்து தள்ளும் இடத்துக்கு வந்தால் எனக்கு நாக்கு எழ மாட்டேன் என்கிறது.