மங்கிய விண்மீனுக்கு இவ்வளவு பலமா?

கேள்வி: சூரியக் குடும்பத்துக்கு வெளியே, வேறொரு விண்மீனைச் சுற்றும் ஜிஜே 436 பி என்ற கோளின் காற்று வால் போல நீண்டு வெளியேறுகிறதாமே! அதன் விண்மீன் சூரியனைவிட மிகவும் மங்கலானது. பிறகு எப்படி?

பதில்: வெளிச்சத்தை வைத்து எடை போட்டால் இங்கே தப்பாகிவிடும். காற்றைக் கிளப்புவது எக்ஸ் கதிரும், 91.2 நானோமீட்டருக்கும் குறைவான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரும்தான். இவை வளிமண்டலத்தின் மேலடுக்கிலேயே சிக்கி, ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கின்றன. மிஞ்சும் ஆற்றல் வெப்பமாகிறது. ஆயிரக்கணக்கான டிகிரி சூடேறிய மேலடுக்கு உப்பிப் பெருகி, ஈர்ப்பின் பிடியிலிருந்து நழுவுகிறது. இந்த விண்மீன் ஒரு சிவப்புக் குறுமீன், அதாவது சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த விண்மீன். சிவப்புக் குறுமீன்களின் மொத்த ஒளி குறைவுதான். ஆனால் அதில் எக்ஸ் கதிரின் பங்கு சூரியனில் இருப்பதைவிட அதிகம். போதாக்குறைக்கு, இந்தக் கோள் விண்மீனிலிருந்து சுமார் 43 லட்சம் கிலோமீட்டரில், 2 நாள் 15 மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது.

வால் தெரிந்த விதம் அருமையானது. கோள் விண்மீனுக்குக் குறுக்கே வரும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 0.69 சதவீதம்தான் குறையும். ஹைட்ரஜன் உறிஞ்சும் 121.6 நானோமீட்டரை ஒட்டி ஹப்பிள் தொலைநோக்கி பார்த்தபோது 56 சதவீதம் குறைந்திருந்தது! 2015-ல் வெளியான முடிவு இது. கோள் வருவதற்கு 2 மணி நேரம் முன்பே மங்கல் தொடங்கி, போன பிறகும் 3 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. விண்மீன் மங்கலாக இருப்பதே இதற்கு உதவி: ஒளியின் தள்ளுவிசை குறைவு என்பதால் மேகம் உடனே சிதறாமல் கோளோடு ஒட்டி வருகிறது.

இந்த அளவீட்டில் ஒரு சிக்கல் உண்டு. விண்மீனுக்கும் நமக்கும் இடையே விண்வெளியில் உள்ள ஹைட்ரஜன், நிறமாலைக் கோட்டின் (121.6 நானோமீட்டரை ஒட்டிய அந்த ஒளியின்) நடுப்பகுதியை விழுங்கிவிடும். ஓரங்களை மட்டுமே நம்பலாம். தொலைவு கூடினால் அதுவும் கிடைக்காது. அதனால்தான் 2018 முதல் 1083 நானோமீட்டரில் ஹீலியத்தைத் தேடுகிறார்கள். அதைத் தரையிலிருந்தே பார்க்கலாம்.

கேள்வி: அந்தக் கோள் சீக்கிரம் மொட்டையாகிவிடுமா?

பதில்: ஆகாது. நொடிக்கு 100 முதல் 1,000 டன் வரை போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும், 22 பூமி எடையுள்ள கோளுக்கு 100 கோடி ஆண்டில்கூட அது மிகச் சிறிய இழப்பு. ஆபத்தான காலம் இளமைதான். அப்போது விண்மீனின் எக்ஸ் கதிர் பல மடங்கு உக்கிரமாக இருக்கும். எடை குறைந்த கோள்கள் அந்தக் கட்டத்தில் ஹைட்ரஜனை முழுக்க இழந்து வெறும் பாறையாக நின்றுவிடும். பூமியைப் போல 1.5 முதல் 2 மடங்கு ஆரமுள்ள கோள்கள் அபூர்வமாகவே கிடைப்பதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.