ஓய்வுபெற்ற வீரர்கள் வர்ணனைக்கு வரும்போது சிலரை மட்டும் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது ஏன்?

கேட்டவர் முன்னாள் இந்திய கிரிக்கெட் வீரர் ஸ்ரீகாந்தின் தமிழ் வர்ணனையை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பார். "இவ்வளவு கத்துகிறாரே, இவரைப் போய்..." என்ற எரிச்சல் கேள்வியிலேயே தெரிகிறது. எனக்கு அவரைப் பிடிக்கும். கிரிக்கெட்டில் நான் வெறும் டிவி ரசிகன்தான். ஆனால் மைக் முன்னால் சூடுபட்டவன்.

பத்து வருஷம் கபடி ஆடினேன், மாவட்ட அணி வரைக்கும். ரைட் கார்னர், அதாவது வலது ஓரத்தில் நின்று பிடிப்பவன். முட்டி போன பிறகு, பக்கத்து ஊர் போட்டியில் "நீங்கதான் ஆடுனவராச்சே" என்று மைக்கைக் கையில் திணித்தார்கள். முதல் நாள் முழுக்கப் பாடம் எடுத்தேன். பாடி வரும் ரைடரின் கால் வரும்வரை கார்னர் பொறுத்திருக்க வேண்டும், பிடிக்கிற அணியில் ஆறு பேருக்குக் குறையாமல் களத்தில் இருந்தால்தான் ரைடருக்குப் போனஸ் பாயிண்ட், இப்படி. சொன்னதில் ஒரு தப்பு கிடையாது. மதியம் மைக்செட்காரத் தம்பி வந்து, "அண்ணே, ஸ்கோரை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் அரையிறுதியில் எங்கள் ஊர் அணி. கடைசி ரைடு, ஒரு பாயிண்ட் பின்னடைவு. பையனை மூன்று பேர் அமுக்கிவிட்டார்கள், நடுக்கோட்டுக்கு ஒரு சாண்தான் பாக்கி. மைக் ஆனில் இருப்பதே மறந்துபோய், "டேய், கையை நீட்டுடா! கோட்டைத் தொடுடா!" என்று அலறிவிட்டேன். தொட்டுவிட்டான். எதிரணி நடுவரிடம் பாய்ந்தது, நடுவர் என்னிடம் பாய்ந்தார். ஆனால் கூட்டம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது, அன்றிலிருந்து டீக்கடையில் எனக்கு "கோட்டைத் தொடு அண்ணன்" என்றுதான் பெயர். (நடுநிலை இல்லாதவன் என்று கமெண்டில் திட்ட வருபவர்கள் வரலாம். தப்புதான், அடுத்த போட்டியில் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுக் கத்தினேன்.)

ஸ்ரீகாந்த் பேசும்போது எனக்கு அந்த அரையிறுதிதான் ஞாபகம் வரும். 1983 உலகக் கோப்பை லார்ட்ஸ் இறுதிப் போட்டியில் இந்தியா எடுத்த 183-இல் அவருடைய 38தான் அதிகம். ஆண்டி ராபர்ட்ஸ் பந்தை ஒரு முட்டியை ஊன்றி விளாசியதை இன்றைக்கும் சொல்வார்கள். 1989-இல் கேப்டனாகப் பாகிஸ்தான் போய் நான்கு டெஸ்டையும் தோற்காமல் டிரா செய்துவிட்டு வந்தார், பதவி போனதுதான் மிச்சம். 2011 உலகக் கோப்பை அணியைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். இத்தனையும் பார்த்த மனுஷன் எனக்கு அன்று வந்த வாத்தியார் தோரணையோடு பேசினால் யாரும் கேட்க முடியாது. அவரோ ஒரு சிக்ஸர் போனால் நம் வீட்டு சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமா மாதிரி குதிக்கிறார்.

சத்தம் போட்டால்தான் பிடிக்குமா என்றால், அதுவும் இல்லை. ரிச்சி பெனோ 63 டெஸ்டில் 248 விக்கெட் எடுத்தவர், ஆஸ்திரேலிய கேப்டன். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1956-இல், பிபிசியில் பயிற்சி எடுத்துக்கொண்டார். திரையில் தெரிவதற்கு மேல் சொல்ல ஏதாவது இருந்தால்தான் வாயைத் திறப்பார். அவரையும் இப்படித்தான் கொண்டாடினார்கள். தன் விக்கெட் கணக்கை அவர் நம்மிடம் ஒப்பித்துக்கொண்டிருக்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்ப் போட்டிகளில் மைக்செட்டுக்கு வாடகை உண்டு, பந்தலுக்கு வாடகை உண்டு, நடுவருக்குப் படி உண்டு. காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி வரை தொண்டை கிழியக் கத்துபவனுக்கு ஒரு சால்வை. என் பீரோவில் இப்போது பதினொன்று இருக்கிறது. பெட்ரோலுக்குக் காசு வேண்டுமா என்று மட்டும் ஒரு கமிட்டியும் கேட்டதில்லை.