அக்காவின் கார்டில் எடுத்த விமானம்

கேள்வி: மன்னார்குடிக்காரன் நான். இந்திய தனியார் விமானி உரிமம் வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு டெக்சாஸில் உள்ள அக்கா வீட்டுக்குப் போனபோது, ஒரு பறக்கும் சங்கத்தில் செஸ்னா 172 விமானத்தை வாடகைக்கு எடுத்தேன். இறங்கும்போது மூக்குச் சக்கரம் முதலில் பட்டு, புரொப்பெல்லர் ஓடுபாதையை உரசிவிட்டது. காயம் யாருக்கும் இல்லை. இப்போது 27,000 டாலர் கேட்டு காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கூரியரில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். சங்கத்துக்குத்தான் காப்பீடு இருக்கிறதே? பதில் போடாமல் இருந்துவிடலாமா? முன்பணம் அக்காவின் கிரெடிட் கார்டில் கட்டியது.

பதில்: போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் என் கண் நின்றது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அறுவடைக்கு மணிக்கணக்கில் இயந்திரம் பேசுகிறோம். டிரைவரும் அதோடு வருவார். வயலில் பெல்ட் அறுந்தால் அது வண்டிக்காரர் பாடு. இங்கே ஓட்டியவர் நீங்கள்; அடுத்தவர் பொருள் உங்கள் கையில் இருந்தது. சங்கத்தின் காப்பீடு சங்கத்தின் நஷ்டத்துக்குத்தான். சங்கத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன் இடத்தில் நின்று உங்களிடம் வசூலிக்க வருகிறது நிறுவனம். வாடகைக்கு எடுப்பவருக்கென்றே அங்கே தனி பாலிசி உண்டு. எடுத்திருந்தால் உடனே தகவல் கொடுங்கள். பயணக் காப்பீட்டை நம்ப வேண்டாம். டிக்கெட் வாங்கிய பயணியாகப் பறப்பதை மட்டுமே பெரும்பாலான பாலிசிகள் ஏற்கும்.

நோட்டீஸ் தொகையில் உள்ள இன்ஜினைப் பிரித்த செலவைப் பார்த்து ஏமாற்று வேலை என்று கொதிக்காதீர்கள். சுழலும் புரொப்பெல்லர் தரையில் பட்டால் அடி இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் தண்டு வரை இறங்கும். இன்ஜின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனமே பிரித்துச் சோதிக்கச் சொல்கிறது. பேரத்துக்கு இடம் வேறு. அந்த இன்ஜின் அதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருந்தது? பாதி ஆயுள் முடிந்ததற்குப் புதிய பாகம் போட்டுவிட்டு, முழு விலையையும் உங்கள் தலையில் கட்டுகிறார்களா? பில்கள், இன்ஜின் பதிவேடு, வாடகை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் எழுதிக் கேளுங்கள்.

உங்கள் காகிதங்களும் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பதிவு விமானத்தை ஓட்ட இந்திய உரிமம் மட்டும் போதாது. அதன் அடிப்படையில் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. தரும் சான்றிதழ் வேண்டும். ஆளேற்றிப் பறந்திருந்தால், முந்தைய 90 நாளில் 3 முறை ஏறி இறங்கியது லாக்புக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் சொந்த பாலிசியே கைவிரித்துவிடக்கூடும்.

பேசாமல் இருந்தால்? சட்டப்படி அதற்கும் கொஞ்சம் பலம் உண்டு. சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பாணை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி நேராகத் திருவாரூர் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து ஜப்தி வரை போகும். இப்படி நேராக ஏற்கப்படும் நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா இல்லை. அங்கே தீர்ப்பு வாங்கினாலும், 3 ஆண்டுக்குள் இங்கே புதிதாக வழக்குப் போட்டு, வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா என்று பார்க்கும் 13ஆம் பிரிவின் சோதனைகளைத் தாண்ட வேண்டும். வழக்கின் தகுதியைப் பார்க்காமல் கொடுத்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பு செல்லாது என்று இன்டர்நேஷனல் வூலன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் சொல்லியிருக்கிறது. கூரியரில் வந்தது சம்மனும் அல்ல. வெளிநாட்டு சம்மனைத் தபாலில் சார்வு செய்வதை நாடு விட்டு நாடு நீதிமன்றக் காகிதம் அனுப்புவதற்கான ஹேக் உடன்படிக்கையின் கீழ் இந்தியா ஏற்கவில்லை. ஆனால் டெக்சாஸ் நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அந்த நீதிமன்றத்துக்கு என் மீது அதிகாரமில்லை என்ற உங்கள் வாதம் ஒன்று குறையும். ஒப்பந்த மீறலுக்கு அங்கே வழக்குப் போட 4 ஆண்டு அவகாசமும் இருக்கிறது.

இத்தனையும் உங்களுக்குத்தான் கவசம். அக்கா இருப்பது டெக்சாஸில். அவர் கையெழுத்திட்டது கார்டு அனுமதிச் சீட்டா, பொறுப்பேற்கும் ஒப்பந்தமா? இரண்டாவது என்றால், நீங்கள் இங்கே வாய் திறக்காத ஒவ்வொரு மாதமும் அவர் வாசலுக்குத்தான் ஆள் போகும். கேட்காமல் கார்டில் தொகை பிடித்திருந்தால், அந்தக் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு அவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே சமரசம் பேசுங்கள், அங்குள்ள ஒரு வக்கீல் மூலமாக. பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். உங்கள் மீதும் அக்கா மீதும் இனி கோரிக்கை இல்லை என்ற விடுதலைப் பத்திரத்தில் சங்கம், காப்பீட்டு நிறுவனம் இரண்டும் கையெழுத்திட வேண்டும். சங்கம் மட்டும் போட்டால் பிரயோசனமில்லை.

இன்றிரவு 8 மணிக்கு அக்காவை அழையுங்கள். அங்கே காலை. அந்தச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.